கால் மறைத்த பாவாடை

ஞானம்பிகை வேலை செய்கிற தையற்கூடத்துக்குப் பக்கத்தில் யாரும் நெருப்புப்பெட்டியைக் கையில் எடுக்க முடியாது. இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், அல்பெர்கேரியா என்கிற பகுதியில், சந்தைக்குப் பின்பக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சரிந்து நிற்கவேண்டிய ஒழுங்கை அது. தையற்கூடத்துக் கதவு திறந்திருந்தால் சிகரெட்டோடு வருகிறவர்கள் ஒழுங்கை முனையிலேயே அதை மிதித்து அணைத்துவிடுவார்கள். அத்தனை பேரும் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டியவர்கள். அவள் ஏசுவது பாதி இத்தாலியன், பாதி யாழ்ப்பாணத் தமிழ். பலேர்மோக்காரருக்குத் தமிழ்ப் பாதி விளங்காது. விளங்கிய பாதியைவிட விளங்காத பாதிக்குத்தான் அவர்கள் கூடப் பயம்.

நான் அவள் இருக்கிற கட்டிடத்தில் கீழ்மாடி. பெயர் றஜிதா, ஊர் மன்னார், கிறிஸ்தவ வேதக்காரி. அவள் என்னைவிட மூப்பு, நேரில் ஞானக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது பெயரைச் சொல்லியே எழுதுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். கிழமையில் சில நாள் அந்தத் தையற்கூடத்துக்கு நானும் கொளுக்கி தைக்கப் போவேன். ஆகவே இதில் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் கண்டது மிச்சம்.

வந்த காலத்தில் அவள் எல்லாரையும் போல வீடு துடைத்தாள். துடைத்த வீடுகளில் ஒன்று சின்யோரா மிரெல்லாவுடையது. சின்யோரா நாடகத்துக்கும் நடனத்துக்கும் பழைய காலத்து உடுப்புகள் தைத்து வாடகைக்குக் கொடுக்கிறவர். ஒருநாள் தையற்கூடத்தில் ஆள் வராமல் போக, ஸ்திரிக்கை போட இவளைக் கூட்டிக்கொண்டு போனார். போனவள் திரும்பி வீடு துடைக்க வரவில்லை. ஏசுகிற வாய்க்கும் மடிப்புக் கலையாமல் துணியைத் தொடுகிற கைக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வந்ததோ தெரியாது.

பெரிய மேசையில் துணி விரிந்தவுடன் சின்யோராவுக்கு வாய் திறந்துவிடும். நூற்றைம்பது, இருநூறு வருசத்துக்கு முந்தின பெண்கள் எப்படி உடுத்தார்கள் என்பதுதான் அவருடைய உலகம். பலே நடனக்காரிகள் போடுகிற வெள்ளைப் பாவாடைக்குத் துத்து என்று பெயர். துத்து என்றவுடன் இப்போது எல்லாரும் நினைப்பது இடுப்பைச் சுற்றித் தட்டையாக நீட்டிக்கொண்டு நிற்கிற குட்டைச் சாமானை. அது பிறகு வந்தது. முதலில் இருந்தது கெண்டைக்கால் வரை மணிபோல இறங்குகிற நீளப் பாவாடை. அதே காலத்தில் விருந்து மண்டபங்களில் ஆடிய சீமாட்டிகள் நிலம் கூட்டுகிற கவுண் போட்டார்கள், உள்ளே உருக்கு வளையக் கூடு வைத்து, ஒரு வாசலால் ஒருவர்தான் போகலாம் என்கிற அகலத்தில். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி ஆண்ட காலம் அது. கணுக்கால் தெரிந்தாலே ஊர் கதைக்கும். மேடையில் ஆடுகிறவளுக்கு மட்டும் கெண்டைக்கால் வரை தூக்க விட்டார்கள், பாதம் தெரியாவிட்டால் அவள் நுனிக்காலில் நிற்பது யாருக்கு? பாதத்தில் வித்தை கூடக் கூடப் பாவாடையும் மேலே ஏறியது. அதை ஏற்றியதில் இத்தாலிய நடனக்காரிகளுக்குப் பெரிய பங்கு என்று சொல்லும்போது சின்யோராவின் கழுத்து கொஞ்சம் நீளும்.

துணியைப் பற்றிய கதைதான் எங்களை உலுக்கியது. அந்த நீளப் பாவாடைகள் தார்லத்தானா என்கிற பருத்தித் துணியில் தைத்தவை. காயத்துக்குச் சுற்றுகிற கட்டுத்துணி போல ஓட்டை ஓட்டையாக நெய்து, கஞ்சிப்பசை ஏற்றி விறைப்பாக்கியது. பல அடுக்கு வைக்கும்போது அடுக்குகளுக்கு இடையில் நிறையக் காற்று நிற்கும். மேடை விளிம்பிலோ வரிசையாகக் காஸ் விளக்குகள், திறந்த சுவாலை. ஒரு சுழற்சியில் ஓரம் பட்டால் போதும். பாரிசிலும் லண்டனிலும் எத்தனையோ பெண்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே எரிந்துபோனார்கள். துணி எரியாமலிருக்க ஒரு மருந்துத் தண்ணீர் அப்போதே இருந்தது. அதில் தோய்த்தால் வெள்ளை பழுத்து அழகு கெடும் என்று நடனக்காரிகளே வேண்டாம் என்றார்களாம்.

இந்தக் கதையை முதல்தரம் கேட்டபோது ஞானம்பிகை ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். ஒழுங்கையில் சிகரெட்காரருக்குக் கேடு பிடித்தது அன்றையிலிருந்துதான்.

வேலையிடத்தில் நெருப்பென்றால் பேயாட்டம் ஆடுகிறவள், வீட்டில் நெருப்பில்லாமல் ஒன்றும் செய்யமாட்டாள். ஒரே மகள் ஜெனனி, பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் முதல் வருசம், சின்ன வயதிலிருந்தே பலே பழகுகிறவள். பிள்ளையில் யாருடைய கண்ணாவது பட்டுவிடும் என்பது ஞானம்பிகையின் தீராத வருத்தம். சோதனையில் நல்ல புள்ளி எடுத்தால் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள். மேடை ஏறினால் தேசிக்காய் என்கிற எலுமிச்சையில் கற்பூரம் கொளுத்தித் தலையிலிருந்து கால்வரை மூன்றுதரம் சுற்றி, வாசலுக்கு வெளியே எறிவாள். அதற்கு நாவூறு கழித்தல் என்று பெயர். படியில் கிடக்கிற தேசிக்காயைக் கண்டு இத்தாலியப் பக்கத்துவீட்டார் முகம் சுளிப்பதில்லை, அவர்களும் தட்டில் தண்ணீர் வைத்து எண்ணெய்த்துளி விட்டுக் கண்ணூறு பார்க்கிற ஆட்கள்தான். நான் மெழுகுதிரி ஆள். கற்பூரம் எனக்குத் தும்மலைக் கொண்டுவரும். ஆனாலும் என்னுடைய காய்ச்சல் ஒன்றுக்கு அவள் சுற்றிப்போட்டபோது நானும் பேசாமல்தான் இருந்தேன்.

அவளுடைய மனுசன் விக்னராஜா முதலில் இதையெல்லாம் கண்டு சிரித்தவர். படுக்கையில் கிடக்கிற ஓய்வுபெற்ற டொக்ரர் ஒருவரைத் தூக்கி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. சத்தம் போடமாட்டார். பிடிக்காதது நடந்தால் சாப்பாட்டை நிறுத்துவார், அதோடு வீடே அடங்கிவிடும். அவரை மாற்றியது ஜெனனி நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, ஆடிய ஒரு ஆட்டம். வேலை நெருக்கடியில் ஞானம்பிகை அன்று கற்பூரம் சுற்ற மறந்துபோனாள். ஜெனனி ஆடி முடிக்கிற இடத்தில் கால் புரண்டு விழுந்து, மாதக்கணக்கில் கட்டோடு இருந்தாள். அதற்குப் பிறகு ஞானம்பிகை மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். அவள் ஊட்டிய பயம் அவரிடம்தான் நன்றாக வேர்விட்டது.

பலே அவருக்குத் துண்டறப் பிடிக்காது, மகளின் ஆட்டம் ஒன்றுக்கும் போனதில்லை. பரதம் என்றால் காலை மூடத் துணி இருக்கிறது, இதில் எதை மூடுகிறார்கள் என்று கேட்பார். கேட்பது மகளிடம் இல்லை, மனைவியிடம். வயதுக்கு வந்த நாளிலிருந்து அப்பா இருக்கிற அறைக்குள் ஜெனனி நீளப் பாவாடை இல்லாமல் போனது கிடையாது. ஆட்ட உடுப்பைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே மாற்றி, திரும்பப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவாள். எங்கள் ஆட்கள் அந்த அடக்கத்தைப் புகழ்ந்து மற்றப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டினார்கள்.

போன வருசம் வைகாசியில் ஜெனனியின் நடனப் பள்ளி பழைய பிரபு மாளிகை ஒன்றின் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்ட உடுப்பு எப்படி மாறியது என்று ஆடியே காட்டுவது. வளையக் கவுணில் தொடங்கி, நீள வெள்ளைத் துத்து, கடைசியில் குட்டைத் துத்து. உடுப்பெல்லாம் சின்யோரா மிரெல்லாவின் பொறுப்பு. நடுவில் வருகிற நீள வெள்ளைக்குத் தனியாக ஆட ஜெனனியைத் தெரிவு செய்தார்கள். மிலானிலிருந்து ஒரு பெரிய நடனக் குழுவின் ஆள் பார்க்க வருகிறாராம், பிடித்தால் கூட்டிக்கொண்டு போவாராம். ஜெனனிக்கு அதற்குப் பிறகு நித்திரை இல்லை. தாய்க்கும் இல்லை.

விக்னராஜா இரண்டு நேரம் சாப்பிடவில்லை. பிறகு, எவ்வளவு நீளம் என்று கேட்டார். ஞானம்பிகை பாவாடையை வீட்டுக்கே கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண்தான் குறைகிறது, அதற்குள்ளும் உடம்போடு ஒட்டிய முழுநீளக் காற்சட்டை உண்டு என்று அவள் விளக்கினாள். அவருக்கு அந்தப் பாவாடையைப் பிடித்துவிட்டது. மரியாதையான உடுப்பு என்று என்னிடமே சொன்னார். மற்றக் குட்டையைப் போட்டாளென்றால் நான் மண்டபத்தில் இருக்கமாட்டேன் என்றார். அன்று இரவு சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சிக்கல் துணியில் வந்தது. சின்யோரா அசல் தார்லத்தானாவில்தான் தைத்திருந்தார். நைலோன் வலை அந்த மாதிரி மிதக்காது. தைத்த பிறகு, எரியாத மருந்தில் ஒரு பாவாடையைத் தோய்த்துக் காயவிட்டோம். காய்ந்தபோது அது பழைய தலையணை உறையின் நிறத்துக்கு வந்திருந்தது. நடன ஆசிரியை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டு மேடைக்கு வரவேண்டாம் என்றார். இப்போது காஸ் விளக்கா எரிகிறது, எல்லாம் சூடில்லாத லைற்று, மாளிகைக்குள் சிகரெட்டே தடை, எங்கேயிருந்து நெருப்பு வரும் என்று கேட்டார். சின்யோரா வாதாடினார். ஞானம்பிகை தன்னுடைய அரை இத்தாலியனில் அவரைவிட வாதாடினாள். ஆசிரியை கடைசியில், அப்படிப் பயமென்றால் அந்த ஆட்டத்தையே எடுத்துவிடலாம் என்றார்.

அன்று பின்னேரம் ஜெனனி தையற்கூடத்துக்கு வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் இளகினாள். நானாக இருந்தாலும் இளகியிருப்பேன், அந்தப் பிள்ளையின் முகம் அப்படி. மருந்து போடாத வெள்ளைப் பாவாடைதான் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு ஞானம்பிகை ஒரு பொலிஸ்காரி. நிகழ்ச்சிக்கு முதல்நாளே மாளிகைக்குப் போய் அறை அறையாகப் பார்த்தாள். வேலையாட்களின் சட்டைப் பையில் லைற்றர் இருக்கிறதா என்று கேட்டாள். கீழே சின்னச் சிற்றாலயத்தில் மாதாவுக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரிகளைக்கூட அணைக்கச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. புறப்படுகிற அன்று காலையில் விக்னராஜா தேசிக்காயை எடுத்து வைத்துவிட்டு, நாவூறு கழிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கு அந்தக் கையால் கற்பூரம் தொடமாட்டேன், ஆடி முடித்து வந்தபிறகு பார்க்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு பின்னேரம். ஆபிரிக்காவிலிருந்து வருகிற சிறொக்கோ காற்று காலையிலிருந்தே அடித்தது, வாய்க்குள் மணல் கடிபட்டது, மாளிகையின் பழைய யன்னல்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. உடுப்பு மாற்றுகிற அறை மேல்மாடியில். அதன் பின்கதவைத் திறந்தால் மேடைக்கு இறங்குகிற ஒடுங்கின படிக்கட்டு. நானும் ஞானம்பிகையும் நாடா இழுத்துக் கட்டுவதிலும் கொளுக்கி பூட்டுவதிலும் நின்றோம். ஜெனனியை முதலே உடுத்தி முடித்துவிட்டோம், குந்தியிருந்தால் பாவாடை நசுங்கும் என்று நிற்கவைத்தோம். அவள் நின்ற இடத்தில் அறை வெளிச்சமாகிவிட்டது. இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. வந்து போன எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், பெல்லா பெல்லா, வடிவு வடிவு என்றார்கள்.

அந்த நேரம் விக்னராஜா வாசலில் வந்து நின்றார். கலியாணத்துக்குப் போட்ட கோட்டு. மகளைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருந்த கண்களையும் கண்டார். ஒவ்வொரு பெல்லாவுக்கும் அவருடைய முகம் சுருங்கியது. நான் மற்றப் பிள்ளையின் கொளுக்கிக்குத் திரும்பிவிட்டேன். மிச்சம் ஜெனனி பிறகு சொன்னது. அப்பா பக்கத்தில் வந்து, ஒரு நிமிசம் பின்னாலே வா, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாராம். ஆசீர்வாதம் தரப்போகிறார் என்று நினைத்து, பாவாடையை ஒடுக்கிப் பிடித்தபடி படிக்கட்டுக் கதவால் போனாளாம்.

ஞானம்பிகை ஒருத்தியின் முதுகில் நாடா இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த கை அப்படியே நின்றது.

"கற்பூரம் மணக்குது," என்றாள்.

எனக்கும் மூக்கு அரித்தது. ஜெனனி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. ஞானம்பிகை நாடாவை விட்டுவிட்டு ஓடினாள், நான் பின்னால். கதவைத் திறந்தால், படிகள் திரும்புகிற இடத்தில் இருவரும் நின்றார்கள். அந்த இடம் முழுவதையும் பாவாடையே அடைத்திருந்தது. மேலே இருந்த சின்ன யன்னல் காற்றில் திறந்துபோய்க் கிடந்தது. விக்னராஜாவின் கையில் ஒரு சில்வர் தட்டு, தட்டில் வெட்டிய தேசிக்காய், அதில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தலையில் சுற்றி முடித்து, தோளில் சுற்றி முடித்து, காலுக்கு இறக்குவதற்காகக் குனிந்துகொண்டிருந்தார்.

அவளுடைய வாயை எனக்குத் தெரியும். அன்றைக்கு அது திறக்கவில்லை. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பினால் பாவாடை வீசும். அவள் படியில் ஒரு காலை வைத்தபடி, ஆலய மூலஸ்தானத்துக்கு முன்னால் கதைக்கிற குரலில் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, அந்தத் தட்டை மெள்ள உங்கடை பக்கம் எடுங்கோ. பிள்ளை, நீ அசையாதை."

அந்த மெல்லிய குரல்தான் அவரைப் பயப்படுத்தியிருக்கவேண்டும், ஏச்சுக்கென்றால் பழக்கப்பட்ட மனுசன். களவு செய்து பிடிபட்டவர் போல நிமிர்ந்தார். தட்டைத் தன் பக்கம் எடுக்கவில்லை. மனைவி காணாதபடி முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். சுற்றிக் கொண்டுபோன கை பாவாடையின் ஓரத்தால் போனது.

சத்தமே இல்லை. நீலமாக ஒரு கோடு ஓரத்தில் ஓடியது, பிறகு அது மஞ்சளாகி மேலே ஏறியது. யன்னல் காற்று அதைப் பிடித்தது.

அப்போதுதான் ஞானம்பிகை கத்தினாள். கழட்டு, கொளுக்கியைக் கழட்டு என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள். கொளுக்கி இடுப்புக்குப் பின்னால். ஜெனனி முதுகைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். தாயின் விரல் அவளுடைய முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் போகமுடியாமல் கிடந்து தவித்தது. விக்னராஜா தட்டை எறிந்துவிட்டு எரிகிற பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. எரிந்துகொண்டிருக்கிற பாவாடையை அவரிடமிருந்து திரும்ப இழுத்தாள். அவர் பிள்ளை, பிள்ளை என்று கத்தியபடி இழுக்க, அவள் வாய் திறக்காமல் இழுக்க, அந்த இழுபறியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். கடைசியில் பட்டி தையலோடு கிழிந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்தபடி படியில் விழுந்தார்.

நான் ஸ்திரிக்கை மேசையில் இருந்த ஈரச்சீலையை இழுத்துக்கொண்டு வந்து ஜெனனியின் காலில் சுற்றினேன். ஞானம்பிகை அதற்கு மேலே விழுந்து படுத்துக்கொண்டாள். கீழேயிருந்து யாரோ நெருப்பணைக்கிற சிலிண்டரோடு ஏறிவந்து அடித்தார்கள். படிக்கட்டு முழுவதும் வெள்ளைத் தூள். மண்டபத்தில் ஆட்களை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். மிலானிலிருந்து வந்த ஆளும் அவர்களோடு வெளியே போனார்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், பிள்ளையின் இடது கால் கெண்டையிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை எரிந்திருக்கிறது, ஆறும், அடையாளம் இருக்கும், திரும்ப ஆடலாமா என்று இப்போது சொல்லமுடியாது. விக்னராஜாவின் இரண்டு கையையும் விரல் தெரியாமல் சுற்றியிருந்தார்கள். சின்யோரா மிரெல்லா வராந்தாவில் நின்று, துணியை நான்தான் கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன் என்று அழுதார். ஞானம்பிகை அவரை ஏசவில்லை. மனுசனையும் ஏசவில்லை. அவள் ஏசாமல் இருந்தது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அடுத்த நாள் நான் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனேன். ஜெனனி தலையணையை உயர்த்திப் படுத்திருந்தாள். கட்டிலின் மற்றப் பக்கம் விக்னராஜா கதிரையில், கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்தபடி. தாதி வந்து கேட்கும்போதெல்லாம் ஜெனனி நோகவில்லை, நோகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைத் திறக்கும்போது ஞானம்பிகைக்கு எல்லாம் சேர்த்து வாய் வந்தது.

"கழட்டு கழட்டு எண்டு கத்தினனான். நீ ஏன் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ? அவர் இழுக்க இழுக்க நீ மற்றப் பக்கம் இழுத்தனீ. அப்பான்ரை கையைப் பார்."

ஜெனனி கூரையைப் பார்த்தாள்.

"அப்பா முன்னாலை நிண்டவர்," என்றாள்.

"உள்ளுக்கு முழுக்காலுக்கும் போட்டிருந்தனீதானே, பிள்ளை."

"ஓம். அது ஞாபகம் வரேல்லை. எரியுது எண்டு தெரியும். அப்பா பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டதுதான் வந்தது."

ஞானம்பிகை கட்டில் ஓரத்தில் குந்திவிட்டாள். நான் கையில் கரண்டியோடு நின்றேன், அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விக்னராஜாவைப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. எரிந்தவளிலும் பார்க்க அந்த மனுசனுக்காகத்தான் அந்த நேரம் எனக்கு நெஞ்சு வலித்தது, என்னால் மறைக்க முடியாது.

தாதி மருந்து மாற்றுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். திரையை இழுத்துவிட்டு, தகப்பன் வெளியே நிற்கவேண்டும் என்றாள். விக்னராஜா பழக்கத்தில் எழும்பிக் கதவடிக்குப் போனார். கைப்பிடியைத் திருப்பக் கை இல்லை. அதற்கு முன்னால் சும்மா நின்றார். நான் திறந்துவிட எழும்பினேன். அதற்குள் அவர் திரும்பி வந்து திரைக்கு உள்ளே நின்றார்.

தாதி ஜெனனியைப் பார்த்தாள். ஜெனனி இத்தாலியனில், அவர் நிற்கட்டும் என்றாள்.

போர்வையை ஒதுக்கி, துணியை ஒவ்வொரு சுற்றாக எடுத்தார்கள். கடைசிச் சுற்றுத் தோலோடு ஒட்டியிருந்தது, அதை நனைத்து உரித்தார்கள். விக்னராஜா தலையைத் திருப்பவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு மகளின் காலை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாதத்திலிருந்து காயம் முடிகிற இடம்வரை பார்த்தார்.

"நோகுதோ?" என்று கேட்டார்.

ஜெனனி இடுப்புக்கு மேலே போர்வையைப் பிடித்திருந்த கைகளை எடுத்து இரண்டு பக்கமும் வைத்தாள்.

"நோகுது அப்பா," என்றாள். "சரியா நோகுது."

அவர் சத்தம் போட்டு அழுதார். கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஞானம்பிகை எழும்பிப் போய்த் துடைத்துவிட்டாள். தாதி புதுத்துணியைச் சுற்றி முடிக்கும்வரை அவர் அந்த இடத்திலேயே நின்றார்.